ஐபோனுக்கு மாறலாமா: பார்வையற்ற ஒரு தமிழாசிரியரின் யோசனை

பார்வையில்லாதவர்களுக்கு ஐபோன்தான் சரி, வேறு பேச்சே கிடையாது என்று என்னிடம் சொல்லாத நண்பர்கள் குறைவு. பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருப்பவர்கள் சொல்கிறார்கள், அமெரிக்காவில் குடியேறிவிட்ட விடுதித் தோழன் சொல்கிறான், வங்கி அதிகாரியாக இருப்பவர்கள் சொல்கிறார்கள். சும்மாவும் சொல்லவில்லை. திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர்களிடம் வெப்எய்ம் என்ற அமைப்பு எடுத்து 2024-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், ஏறக்குறைய பத்துக்கு ஏழு பேர் கையில் ஐபோனோ ஐபேடு போன்ற ஆப்பிளின் வேறு கருவியோதான் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கெடுப்புக்குப் பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்கள். அவர்களுடைய நாள் ஆங்கிலத்திலோ வேறு ஐரோப்பிய மொழியிலோ விடிந்து அடைகிறது. நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். காலையில் அம்மா அனுப்பும் செய்தி தமிழ். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்கும் சந்தேகம் தமிழ். கல்வி அலுவலகத்துச் செயல்முறைகள் தமிழ். என் போன் தமிழில் தடுமாறினால் அன்றைக்கு எனக்கு வேலையே நடக்காது. அதனால் இந்த ஐபோன் பேச்சு என் மனதில் படியவும் இல்லை, விட்டுப்போகவும் இல்லை.

போன் எங்களுக்கு எப்படிப் பேச ஆரம்பித்தது என்பது எங்கள் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். நோக்கியா போனில் 'டாக்ஸ்' என்ற மென்பொருளைப் போட்டுக்கொண்டு, அதன் உரிமத்துக்குப் போன் விலைக்குப் பக்கத்தில் பணம் கட்டிய காலம் அது. நான் வைத்திருந்ததில் தமிழில் குறுஞ்செய்தி வந்தால் மௌனம்தான். 2009-இல் ஐபோன் 3ஜிஎஸ் வந்தபோது அதற்குள்ளேயே வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பான் இருந்தது. தனிப் பணம் இல்லை, தனியாக நிறுவ வேண்டியதும் இல்லை. வாங்கி வந்த நாளிலேயே எடுத்துப் பேசவைக்கலாம். பொத்தானே இல்லாத வழவழப்பான கண்ணாடியைப் பார்வையில்லாதவன் எப்படித் தொட்டு நடத்துவான் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த நேரத்தில் ஆப்பிள் செய்த அந்தக் காரியத்தை நான் இன்றும் பெரிதாகத்தான் மதிக்கிறேன். ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பானான டாக்பேக்கும் அதே ஆண்டில் வந்துவிட்டது, ஆனால் உருப்படியாக நடக்கப் பல ஆண்டுகள் ஆயிற்று. அப்படியும் நான் ஆண்ட்ராய்டு பக்கம் வந்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று விலை. இன்னொன்று, தமிழை முதலில் வாசித்துக் காட்டியது அதுதான். முதலில் இ-ஸ்பீக் என்ற குரல் மென்பொருளின் கரகரத்த குரல், பிறகு இணையம் இல்லாமலும் பேசும் கூகுளின் தமிழ்க் குரல். ஐபோனில் ஆப்பிளே தமிழ்க் குரல் கொடுத்தது 2022-இல், அதன் இயங்குதளமான ஐஓஎஸ் 16 வந்தபோதுதான்.

மருந்துக் கடையில்

இந்த யோசனையைக் கிளப்பிவிட்டது ஒரு மருந்துக் கடை. அம்மாவுக்கு மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை. சாயங்காலக் கூட்டம். கடைக்காரர் தம்பி என் கையைப் பிடித்து கியூஆர் அட்டைக்கு நேராகப் போனைக் காட்டினார். தொகையை அடித்தேன், சரிபார்த்தேன், அடுத்த பக்கம் போனேன். பின் எண் கேட்கும் இடத்தில் போன் வாயை மூடிக்கொண்டது. விரலை நகர்த்தினால் சத்தம் இல்லை, அதிர்வு மட்டும் ஒருமுறை வந்தது. டாக்பேக் நின்றுபோயிருந்தது. ஒலிப் பொத்தான் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் மறுபடி எழும், எழவில்லை. பணம் போயிற்றா இல்லையா என்பதும் தெரியவில்லை. கடையில் இருக்கும் ஒலிப்பெட்டி 'இத்தனை ரூபாய் பெறப்பட்டது' என்று சொல்லுமே, அந்தப் பெட்டி எங்களுக்குப் பெரிய துணை, அதுவும் பேசவில்லை.

பின்னால் நின்ற பையன் நல்ல மனதோடுதான் கேட்டான். "அண்ணே, போனைக் குடுங்க, நான் அடிச்சுத் தர்றேன். பின் நம்பர் மட்டும் சொல்லுங்க." கூட்டத்தில் எல்லோர் காதிலும் விழும்படி நான் அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். பையில் இருந்த ரொக்கத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் எனக்கு வந்த கோபம் அந்தப் பையன் மேல் இல்லை. பார்வையுள்ளவருக்குப் போன் உறைந்தால் சலிப்போடு அணைத்துப் போடுகிறார். எனக்குப் போன் ஊமையானால் பணத்தின் சாவியை முன்பின் தெரியாதவர் கையில் கொடு என்கிற நிலை வருகிறது. சம்பளம் வாங்குகிறேன், என் பணத்தை நானே கட்ட வேண்டும். ஆசைப்படுவது அவ்வளவுதான்.

அன்றிரவு விலை பார்த்தேன். முகப்புப் பொத்தான் வைத்த கடைசி ஐபோனான எஸ்.இ.-யை 2025 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் 16இ-ஐக் கொண்டுவந்தது. அறிமுக விலை 59,900 ரூபாய். தவணையில் வாங்கலாம், முடியாதது இல்லை. "மாசம் கட்டிரலாம், நீங்க தினம் படுற பாட்டுக்கு அது பெரிசில்ல" என்றாள் மனைவி. எனக்கு மட்டும் வாங்குவதற்கு முன் ஒருமுறை உட்கார்ந்து காதால் கேட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. பார்வையற்றோர் பள்ளியில் என்னோடு படித்த தோழன் ஒருவன் வங்கியில் இருக்கிறான். அவனிடம் 2022-இல் வந்த எஸ்.இ. இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன்.

இரண்டு போன்கள், ஒரு மேஜை

அவன் திருநெல்வேலிக்காரன். "ஏலே, நீ இன்னும் அந்த டாக்பேக்கோட மல்லுக்கட்டிட்டு இருக்கியா? இதைப் பிடி" என்று போனைக் கையில் வைத்தான். இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே செய்தியை இரண்டுக்கும் அனுப்பிக் கேட்டோம். முதலில் நான் வகுப்புக்கு எழுதிய குறுந்தொகைப் பாடக் குறிப்பு. ஐபோனில் வாணி என்ற குரல் அதை வாசித்தது. எனக்கு இருந்த பழைய சந்தேகம் அந்த ஒரு பத்தியிலேயே போய்விட்டது. சந்தி சேர்ந்த சொற்களில் மூச்சு முட்டவில்லை, லகர ளகரம் காதில் தனித்தனியாக விழுந்தது. ழகரம் கொஞ்சம் வழுக்கியது. கூகுள் குரலிலும் ழகரம் அப்படி ஒன்றும் உயர்த்தி இல்லை. தமிழுக்காக ஆண்ட்ராய்டிலேயே இருக்க வேண்டும் என்ற காலம் முடிந்துவிட்டது என்று அங்கேயே ஒப்புக்கொண்டேன்.

பிறகு வேகத்தைக் கூட்டினோம். எங்களில் பலர் சாதாரணப் பேச்சின் வேகத்தில் கேட்பதில்லை. பழகிய காது இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கும், பார்வையுள்ளவர்களுக்கு அது இரைச்சலாகத்தான் படும். அந்த வேகத்தில் இயல்பான குரல்களெல்லாம் சொல்லின் கடைசி அசையை விழுங்குகின்றன. தமிழில் கடைசி அசைதான் வேற்றுமையும் வினைமுற்றும் உட்கார்ந்திருக்கும் இடம். வந்தானா வந்தாளா என்பதே அங்கேதான் இருக்கிறது. வாணியும் விழுங்கினாள், கூகுள் குரலும் விழுங்கியது. இ-ஸ்பீக்கின் அழகில்லாத குரல் மட்டும் எந்த வேகத்திலும் ஓர் எழுத்தையும் விடுவதில்லை. தேர்வுத்தாள் மதிப்பெண் பட்டியலைச் சரிபார்க்கும்போது நான் அதற்குத்தான் மாறுவேன். ஐஓஎஸ் 16 முதல் வெளியார் செய்யும் குரல்களையும் ஐபோனில் சேர்க்க ஆப்பிள் இடம் கொடுத்திருக்கிறது. தோழன் எதையும் சேர்த்து வைத்திருக்கவில்லை, அதனால் ஒப்பிட முடியவில்லை.

கலப்புச் செய்திகளில் வித்தியாசம் தெரிந்தது. 'நாளை 10 மணிக்கு' என்று தமிழில் ஆரம்பித்து, நடுவில் ஆங்கில எழுத்தில் இரண்டு சொல் வைத்து, மறுபடி தமிழில் முடியும் செய்திதான் எங்கள் ஆசிரியர் குழுவில் பாதி. அவன் போனில் ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் குரல் மாறியது. வாணி, ஆங்கிலக் குரல், மறுபடி வாணி. மாறும் இடத்தில் ஓர் இமைப்பொழுது நிற்கிறது. அவன் அதற்குப் பழகிவிட்டான். ஆங்கிலம் ஆங்கிலமாகவே காதில் விழுவது நல்லது என்கிறான். என் போனில் தமிழ்க் குரலே ஆங்கிலச் சொல்லையும் நம்மூர் உச்சரிப்பில் சொல்லிக்கொண்டு போகிறது. எனக்கு அதுதான் ஓட்டமாக இருக்கிறது. இது சரி, அது தவறு என்று தீர்ப்புச் சொல்ல முடியாத இடம் இது.

கல்வி அலுவலகத்துச் சுற்றறிக்கை ஒன்றையும் திறந்து பார்த்தோம். கையெழுத்துப் போட்ட தாளைப் படமெடுத்து பிடிஎஃப் ஆக்கியது. இரண்டு போனும் அப்படியே வாய் திறக்கவில்லை. கூகுள் லென்ஸில் கொடுத்தால் எழுத்தைப் பிரித்து எடுக்கிறது, அது இரண்டிலும் கிடைக்கிறது. இன்னொரு கோப்பு பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. திரையில் தமிழாகத் தெரியுமாம். திரைவாசிப்பான் காதில் ஓதுவதோ ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு ஏற்று ஆணை போட்டது 2010-இல். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் எனக்கு வரும் கோப்பு இப்படி இருக்கிறது என்றால், ஐம்பதாயிரம் ரூபாய் போனும் பத்தாயிரம் ரூபாய் போனும் இதன் முன்னால் ஒன்றுதான்.

அடுத்துத்தான் நான் போன காரியமே தெளிவானது. என்னிடம் இருக்கும் வங்கிச் செயலி அவனிடமும் இருக்கிறது. அதில் சில மாதங்களுக்கு முன் தோற்றத்தை மாற்றினார்கள். அதிலிருந்து முதல் பக்கத்தில் விரலை நகர்த்தினால் என் போன் 'பட்டன், பட்டன், பட்டன்' என்று மட்டுமே சொல்கிறது. எது பணம் அனுப்புவது, எது கணக்குப் பார்ப்பது என்று எண்ணி நினைவில் வைத்திருக்கிறேன்: மேலிருந்து இத்தனையாவது இது என்று. ஆண்ட்ராய்டின் கோளாறு அது, ஐபோனில் எல்லாம் பேசும் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். "திறடா பார்ப்போம்" என்றேன். அவன் விரலை நகர்த்தினான். 'பட்டன். பட்டன். பட்டன்.' ஆங்கிலக் குரலில், அதே வரிசையில். 2020-இல் ஐபோனில் வந்த திரை அறிதல் வசதியைப் போட்டுப் பார்த்தோம். பெயரில்லாத பொத்தான்களின் உருவத்தை வைத்து ஊகித்துச் சொல்வது அது. திரும்பிப் போகும் அம்புக்குறியைக் கண்டுபிடித்தது, மூடும் பொத்தானைக் கண்டுபிடித்தது. நடுவில் இருந்த நான்கு கட்டங்களும் கட்டங்களாகவே நின்றன. தோழனும் என்னைப் போலவே எண்ணித்தான் வைத்திருக்கிறான். "நான் பழகிட்டேன்லா" என்றான். பழகிவிட்டதால் இத்தனை நாள் அவன் அதை ஐபோனின் குறையாகவும் சொல்லவில்லை, வங்கியின் குறையாகவும் சொல்லவில்லை.

மருந்துக் கடையில் நடந்ததை அங்கேயே மறுபடி யோசித்தேன். என் போன் ஊமையானது வேறு, செயலி ஊமையாக இருப்பது வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'ஆண்ட்ராய்டு' என்று பெயர் வைத்திருந்தேன். முதலாவதற்குக் காரணம், நினைவகம் குறைந்த மலிவான போனில் பின்னணியில் ஓடுவதையெல்லாம் மின்கலத்தை மிச்சப்படுத்தக் கொன்று போடும் ஏற்பாடு. அதற்குத் திரைவாசிப்பானும் ஒன்றுதான், விளையாட்டும் ஒன்றுதான். நல்ல நினைவகம் உள்ள போனில் அது அரிது, ஐபோனில் இன்னும் அரிது. அந்த ஒரு வகையில் நண்பர்கள் சொல்வது முழு உண்மை. இரண்டாவதற்கு நான் எந்த போனுக்கு ஓடினாலும் அது என் கூடவே வரும்.

காதும் விரலும்

மாறுவதில் வேறு சில கணக்குகளும் உண்டு. விலைப்பட்டியல் போடுகிறவர்கள் இவற்றைச் சொல்வதில்லை. முதலாவது, காதில் மாட்டும் வயர். நான் எப்போதும் ஒரு காதில் மட்டும் வயர் இயர்போன் மாட்டியிருப்பேன். இன்னொரு காது தெருவுக்கு. பின் எண் அடிக்கும்போது ஒலி எனக்கு மட்டும் கேட்க வேண்டும், தொட்டவுடன் கேட்க வேண்டும். புளூடூத்தில் ஒரு சின்னத் தாமதம் இருக்கிறது. பாட்டுக் கேட்பவருக்கு அது தெரியாது. ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தேடும் எங்களுக்கு அது விரலுக்கும் காதுக்கும் நடுவில் விழுகிற பள்ளம். ஐபோனில் இயர்போன் வயரைச் செருகும் வட்டத் துளை 2016-இல் ஐபோன் 7-உடன் போயிற்று. இப்போது டைப்-சி வயர் இயர்போன் போடலாம், ஆனால் சார்ஜ் ஏறும்போது அந்த வழி அடைபடும். மலிவான ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இன்னும் அந்தத் துளை இருக்கிறது. பணக்கார போன்கள் கைவிட்டதை ஏழை போன்கள் வைத்திருப்பது எங்களுக்கு நன்மையாக முடிந்திருக்கிறது.

இரண்டாவது, விரல்ரேகை. புது ஐபோன்கள் முகத்தைப் பார்த்துத் திறப்பவை. வாய்ஸ்ஓவரைப் போட்டுக்கொண்டு முதல்முறை அமைத்தால், கண் போனை நோக்க வேண்டும் என்ற நிபந்தனையை அதுவே தளர்த்திவிடுகிறது. அதை யோசித்துச் செய்தவர்களுக்கு நன்றி. ஆனாலும் கூட்ட நெரிசல் பேருந்தில் முகத்துக்கு நேரே போனைத் தூக்கிப் பிடிப்பதும், சட்டைப் பைக்குள் இருக்கும்போதே கட்டைவிரலை வைத்துத் திறப்பதும் ஒன்றாகாது. பார்வையற்றவன் கையில் போன் எவ்வளவு குறைவாக வெளியே தெரிகிறதோ அவ்வளவு நல்லது, பறித்துக்கொண்டு ஓடுகிறவனைத் துரத்திப்போக முடியாது.

மூன்றாவது, பேசி எழுதுவது. கூகுள் 2017-இல் தமிழுக்குக் குரல் தட்டச்சு கொடுத்ததிலிருந்து என் எழுத்து பாதி அப்படித்தான் போகிறது. இந்தக் கட்டுரையின் முதல் வரைவும் பேசியதுதான். ஐபோனிலும் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டு உண்டு. ஆனால் வெளியார் விசைப்பலகைக்கு ஒலிவாங்கியைத் தொட ஆப்பிள் அனுமதிப்பதில்லை. அதனால் பேச ஆரம்பித்தால் எழுதிக்கொண்டிருந்த இடத்தை விட்டு அதன் சொந்தச் செயலிக்குத் தாவி, பிறகு நாம் திரும்பி வர வேண்டும். பார்வையுள்ளவருக்கு ஒரு தள்ளல். எனக்கு எழுதிக்கொண்டிருந்த இடத்தை மறுபடி தேடிப் பிடிக்கும் வேலை. அஞ்சல், தமிழ் 99 விசைப்பலகைகள் 2013-இலிருந்தே ஐபோனுக்குள் இருக்கின்றன. ஆங்கில எழுத்துகளின் ஒலியை வைத்துத் தமிழ் அடிப்பது அஞ்சல். தோழன் அதில் சரசரவென்று அடிக்கிறான். ஆங்கிலத்தில் அடித்துப் பழகிய விரல்கள் அவனுடையவை.

பழைய செய்திகள் போய்விடுமோ என்ற பயம் இப்போது தேவையில்லை. 2022-இலிருந்து வாட்ஸ்அப் உரையாடல்களை ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு நேராகவே மாற்றலாம். ஒரே நிபந்தனை, ஐபோன் புதிதாகவோ முழுக்க அழிக்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும். சைகைகளும் முன்போல அந்நியமாக இல்லை. இரண்டு விரலால் இருமுறை தட்டினால் அழைப்பை எடுக்கலாம் என்பது ஐபோனில் பழைய வழக்கம். 2021-இல் டாக்பேக்கும் அதை எடுத்துக்கொண்டது. விரல் ஒரு மாதத்தில் பழகிவிடும்.

என்ன முடிவெடுத்தேன்

ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறேன். எட்டு ஜிபி நினைவகமும், பக்கவாட்டில் விரல்ரேகையும், வட்டத் துளையும் உள்ள போன் ஒன்றை வாங்கினேன். 16இ விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. வாங்கியதும் செய்த முதல் வேலை, மின்கல அமைப்புக்குள் போய் டாக்பேக்குக்கும் குரல் இயந்திரத்துக்கும் கட்டுப்பாட்டை நீக்கியது. இதைப் படிக்கும் பார்வையற்ற நண்பர்கள் இன்றே உங்கள் போனில் அதைச் செய்யுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வோர் இடத்தில் ஒளித்து வைத்திருக்கும், தேடினால் கிடைக்கும். அதற்குப் பிறகு போன் என்னை நடுவில் விட்டுவிட்டுப் போகவில்லை.

இந்த முடிவு எனக்கானது. என்னிடம் படித்துவிட்டு இப்போது கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவி ஒருத்தி, அவளும் பார்வையற்றவள், "ஐயா, மாமா ஐபோன் வாங்கித் தர்றேன்னு சொல்றாங்க, வாங்கட்டுமா?" என்று கேட்டாள். தயங்காமல் வாங்கிக்கொள் என்றேன். அவள் வாசிப்பதில் முக்கால்வாசி ஆங்கிலம், விரலால் அடிப்பவள், போன் நின்றுபோகாமல் இருப்பதுதான் அவளுக்கு முதல் தேவை. எந்த மொழியில் வாழ்கிறாய், எப்படி எழுதுகிறாய் என்று கேட்காமல் 'ஐபோன்தான் சரி' என்பவர்கள், அக்கறையோடுதான் சொல்கிறார்கள், அரைக் கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள்.

மிச்சப் பாதி செயலி செய்கிறவர்கள் கையில் இருக்கிறது. பொத்தானுக்குப் பெயர் எழுதுவது நிரல் எழுதுகிறவருக்கு ஒரு வரி வேலை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதைக் கேட்கிறது. ஐ.எஸ். 17802 என்ற இந்தியத் தரநிலை எப்படிச் செய்வது என்றே சொல்கிறது. முகத்தைக் காட்டிக் கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையால் வங்கிக் கணக்குக்கூடத் தொடங்க முடியாதவர்கள் போட்ட வழக்கில், டிஜிட்டல் அணுகல் என்பது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கூடவே இருபது கட்டளைகளும் இட்டது. அந்தத் தீர்ப்பைத் திரைவாசிப்பானில் முழுக்கக் கேட்டேன்.

பிறகு தோழனை மறுபடி கூப்பிட்டேன். வங்கிச் செயலியின் முதல் பக்கத்தை அவன் ஐபோனிலும் என் போனிலும் ஒலியோடு பதிவு செய்து, எந்தப் பொத்தான் எந்த வரிசையில் பெயரில்லாமல் நிற்கிறது என்று எழுதி, இருவர் பெயரிலும் வங்கிக்குப் புகார் அனுப்பியிருக்கிறோம். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகும். மனுவைக்கூட அவன்தான் அஞ்சல் விசைப்பலகையில் அடித்தான், நான் சொல்லச் சொல்ல.